வீட்டார் மட்டும் திருத்தலாம்

அறுபதுகளின் நடுவில் அந்தமான் தீவில், ரங்கத்தில் நான் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்தபோது, சரித்திரப் புத்தகம் மெட்ராசிலிருந்து கப்பலில் வரவேண்டும். பள்ளி ஜூனில் திறந்துவிடும். புத்தகம் மழை கொஞ்சம் ஓய்ந்த பிறகு, தான் நினைத்தபோது வரும். வந்தாலும் பாதி நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழியும். அதனால் புத்தகத்தை நம்பி உட்கார்ந்திருப்பதை முதல் வருஷமே விட்டுவிட்டேன். நாற்காலியைப் பிள்ளைகளுக்கு நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்த சரித்திரத்தைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

எங்களுடையது பெரிய பள்ளியில் ஒரு மூலை. தட்டிக்கு அந்தப் பக்கம் இந்திப் பிரிவு. அங்கே வாய்ப்பாடு ஓதும் சத்தம் ஓயாது. இந்தப் பக்கம் தமிழ்ப் பிரிவு. மரம் வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள், சர்க்கார் நிலம் கொடுத்துக் குடியேற்றியவர்களின் பிள்ளைகள், பஜாரில் கடை வைத்திருந்த ராமநாதபுரத்து முஸ்லிம்களின் பிள்ளைகள், ஒன்றிரண்டு சர்க்கார் குமாஸ்தா பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் தீவிலேயே பிறந்தவர்கள். மெயின்லாண்ட் என்பதை வீட்டில் பெரியவர்கள் பெருமூச்சு விட்டுச் சொல்லும் ஓர் ஊர் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

நான் கும்பகோணத்துக்காரி. காவிரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே நிறுத்தத் தெரியாது. படித்துறை, ஆடிப்பெருக்கு, நுங்கும் நுரையுமாக வரும் புதுத்தண்ணீர் என்று நான் உருகிக்கொண்டிருக்க, முதல் வரிசையில் ஒருத்தன் எழுந்து, அந்த நாலாவில் முதலை இருக்குமா என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் சதுப்புக் காட்டுக்குள் வளைந்து வரும் நாலாதான். அதில் முதலை இருக்கும். எங்கள் ஊர்க் காவிரியில் முதலை கிடையாது என்றேன். முதலை இல்லாமல் அது என்ன பெரிய நாலா என்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

யானைப்படை என்றால் இன்னும் மோசம். அவர்கள் தினமும் பார்த்த யானைகள் காட்டிலாகா யானைகள், படாக் மரத்தைச் சங்கிலியில் கட்டி இழுப்பவை. ராஜா யானைகளைச் சண்டைக்குக் கூட்டிப் போனார் என்றதும், அப்படியானால் அத்தனை நாளும் மரம் யார் இழுத்தார்கள் என்று கவலைப்பட்டார்கள். ஆனால் சோழ ராஜா கப்பற்படை அனுப்பிய கதைக்கு வந்தபோது மட்டும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கப்பல், அவர்கள் பேச்சில் ஜஹாஜ், என்றால் அவர்களுக்குத் தெரியும். "படைக்காரங்க எல்லாருக்கும் வாந்தி வந்திருக்குமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். எந்தப் புத்தகமும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் முதல் கப்பலில் மூன்றாம் நாள் வரை தலைதூக்காமல் கிடந்தவள்தான். நிச்சயம் வந்திருக்கும் என்றேன். அந்தப் பெண் விடவில்லை. போனவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பினார்களா, சிலர் அங்கேயே இருந்துவிட்டார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. யாராவது இருந்திருப்பார்கள், அவர்கள் வீட்டில்தான் அந்தக் கதை தெரியும் என்று சமாளித்தேன். உன் வீட்டில் நீங்கள் வந்த கதையைக் கேட்டுக்கொண்டு வாயேன் என்றும் சொல்லிவைத்தேன்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் 'வந்த கதை' பீரியட் ஆனது. வாரம் ஒரு பிள்ளை, தன் வீடு இந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்பதை எழுந்து நின்று சொல்லவேண்டும். மற்றவர்கள் ஊம் கொட்டவேண்டும். சிலர் ஊம் என்பார்கள், சிலர் அச்சா என்பார்கள், நான் கண்டுகொள்ளமாட்டேன். எந்த ஊர், ஏன் கிளம்பினார்கள், என்ன மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள், முதல் ராத்திரி எங்கே படுத்தார்கள் எல்லாம் வரும். ஒரு வீட்டில் அம்மியைச் சாக்கில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் புறப்படும் அன்று மாட்டை விற்க மனமில்லாமல் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் கட்டிவிட்டு ஓடியே வந்திருந்தார்கள். பஞ்சம், வெள்ளம், நிலத் தகராறு என்று நான் பாடமாகச் சொல்லிக் கொட்டாவி வரவழைத்ததெல்லாம், ஒரு பிள்ளை தன் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னபோது வகுப்பு ஆடாமல் அசையாமல் கேட்டது.

இதில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளை சொல்வதை நான் திருத்தமாட்டேன். மற்ற பிள்ளைகளும் திருத்தக்கூடாது. அந்தந்த வீட்டார் மட்டும்தான் திருத்தலாம். ஒரு பையன் தன் அப்பா முதலையைக் கட்டிப்பிடித்துக் கொன்றதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மரம் அறுக்கும் சா மில்லுக்குப் போகிற வழியில் ஜன்னலோரம் நின்றிருந்த அந்த அப்பாவே தலையை நீட்டி, அது முதலை இல்லை டீச்சர், உடும்பு, அதுவும் தப்பித்து ஓடிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தம்தான் கதையைவிடப் பிடித்தது. கதை முடிந்ததும், "திருத்தம் இருக்கா?" என்று எல்லாரும் சேர்ந்து கேட்பார்கள். வகுப்பில் இருக்கும் அண்ணன் தம்பியோ ஜன்னலோரம் வந்து நிற்கும் பெரியவர்களோ இல்லை என்று சொன்னால்தான் அது சரித்திரத்தில் சேர்ந்ததாகக் கணக்கு. தலைமையாசிரியர் ஒருநாள் எட்டிப் பார்த்து, இது எந்த சிலபஸில் இருக்கிறது என்று கேட்டார். புத்தகம் வந்ததும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அத்தனை வீட்டுக் கதையையும் கேட்ட நான் என் வீட்டுக் கதையை மட்டும் வகுப்பில் சொன்னதில்லை.

என் கணவருக்குக் காட்டிலாகாவில் குமாஸ்தா வேலை கிடைத்து நாங்கள் புறப்பட்டபோது எங்கள் ஒரே பெண்ணுக்கு ஐந்து வயது. டிக்கெட் மூன்று பேருக்கும் எடுத்தாகிவிட்டது. புறப்பட நாலு நாள் இருக்கும்போது அவளுக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட பிள்ளையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குள் வேலையில் சேராவிட்டால் வேலை போய்விடும். பெரியவர்கள் கூடிப் பேசி, நாங்கள் இருவரும் போவது, குழந்தை கும்பகோணத்தில் என் அக்கா வீட்டில் இருப்பது, தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தேறியதும் யாராவது கொண்டுவந்து விடுவது என்று முடிவு செய்தார்கள். விடியற்கால ரயில். குழந்தை முழித்துக்கொண்டுவிட்டாள். வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்துவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன், அவள் விடவில்லை. அக்காதான் அழுதுகொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தெருமுனை திரும்புகிறவரை அவள் குரல் கேட்டது.

தேறியதும் கொண்டுவந்துவிட யாருக்கும் தோதுப்படவில்லை. நாங்கள் அப்போது காட்டுக்குள் கேம்பில் இருந்தோம், மலேரியாக் காலம். குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம் அக்காவின் கணவர், அத்தான், காலமாகிவிட்டார். குழந்தை இல்லாத அக்கா என் பெண் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்து நடமாடினாள். இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்றாள். அதை எப்படி மறுப்பது? அந்த ஒரு வருஷம் வளர்ந்துகொண்டே போனது. லீவுக்குப் போகும்போதெல்லாம் பெண் உயரமாகியிருந்தாள். அக்காவைப் பெரியம்மா என்றும் என்னை ரங்கத்தம்மா என்றும் கூப்பிடுவாள். அம்மா என்று வெறுமனே யாரையும் கூப்பிடுவதில்லை. ஊரில் எல்லோரும் அதைச் சமத்து என்றார்கள். எனக்கு நெஞ்சு எரியும்.

அவளுடைய பத்தாவது வயதில், கோடை லீவுக்கு, என் கணவர் போய் அவளை ரங்கத்துக்கு அழைத்து வந்தார். அவளுடைய முதல் கப்பல். ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் படகுத்துறையில் இறங்கியபோது முகம் வெளிறியிருந்தது, ஆனால் வாந்தி எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். ஜூன் ஆரம்பத்தில் திரும்பும் கப்பலில், தன் மகளின் பிரசவத்துக்குப் போகும் பஜார் கடைக்காரம்மாவோடு அனுப்புவதாக ஏற்பாடு. மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. கப்பல் தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் நான் உச்சுக்கொட்டிவிட்டு, உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்று சிரித்தேன்.

பள்ளி திறந்துவிட்டது. வீட்டில் தனியாக விடமுடியாதென்று அவளை வகுப்புக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாளில் தீவுப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டாள். காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து உதறக் கற்றுக்கொண்டாள். கியா, நஹி என்று வாயில் இந்தி ஏறியது. காவிரியில் முதலை உண்டா என்று அவளிடமும் கேட்டார்கள். கோடையில் தண்ணீரே இருக்காது, நாங்கள் மணலில் விளையாடுவோம் என்று சொல்லி என் காவிரியின் மானத்தை வாங்கினாள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது குரல் கேட்காது. பிள்ளைகள் நாற்காலியைச் சுற்றி நெருங்கி வருவார்கள். அவளும் அந்தக் கூட்டத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மழை நிற்கவே கூடாது என்று இருந்தது.

தலைமையாசிரியரிடம் மெதுவாகக் கேட்டு வைத்தேன். அஞ்சாவதில் சேர்த்துக்கொள்ளலாம், டி.சி. வந்தால் போதும் என்றார். கணவரிடம் சொன்னேன். அவர், "மொதல்ல புள்ளைகிட்ட கேளு. அவ சரின்னா உங்க அக்காவுக்கு நான் எழுதுறேன்," என்றார். சனிக்கிழமை பள்ளி கிடையாது, அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டுவிடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பத்து வயதுப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு அவ்வளவு பயம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, கதை சொல்லவேண்டிய பையனுக்குக் காய்ச்சல். டீச்சர் பொண்ணு சொல்லட்டும் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நான் மறுக்குமுன் அவள் எழுந்துவிட்டாள். மெயின்லாண்ட் பள்ளிப் பழக்கம், கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அப்பாவுக்கு வேலை கிடைத்தது, டிக்கெட் எடுத்தது, அம்மை போட்டது எல்லாம் சரியாகச் சொன்னாள். பிள்ளைகள் ஊம் கொட்டினார்கள். பிறகு சொன்னாள்:

"ரங்கத்தம்மா கெளம்புற அன்னிக்கு நான் நல்லாத் தூங்கிட்டேன். எழுப்பவேணாம்னு, வேப்பிலையால தடவிக் குடுத்துட்டு சத்தமில்லாம போனாங்க. நான் காலையில எந்திரிச்சேன். பெரியம்மா எளநி குடுத்தாங்க. நான் அழவே இல்ல."

நான் கையிலிருந்த சாக்பீசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு வாண்டு, இப்போதுதான் நீயும் வந்துவிட்டாயே, அப்போது உங்கள் வீட்டு வந்த கதை முடிந்ததா என்று கேட்டது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"நான் வரல. லீவுக்கு வந்திருக்கேன்."

பிள்ளைகள் வழக்கப்படி, "திருத்தம் இருக்கா?" என்று கூவினார்கள். கூவியபிறகுதான் அவர்களுக்கு வீட்டார் யார் என்று உறைத்திருக்கவேண்டும். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அவளும் கையைக் கட்டியபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அக்கா என் குழந்தையை எடுத்துக்கொண்டதுமில்லாமல், அவள் எனக்காக அழுத அழுகையையும் எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று இருந்தது. நீ தூங்கவில்லையடி, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாயடி என்று கத்தவேண்டும்போல இருந்தது. அடுத்தாற்போல் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தக் காலை நேரத்தை அவள் எத்தனை ராத்திரி இப்படி மாற்றி மாற்றிச் சொல்லிக் குழந்தையைத் தூங்கவைத்திருப்பாள்! தூங்கிப்போன பிள்ளைக்கு ஏக்கம் இல்லை, விட்டுப்போன அம்மா மேல் வருத்தமும் இல்லை. குழந்தை அந்தக் கதையில் நிம்மதியாக இருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் அது போய்விடும். பிள்ளைகளுக்கு வேர் வேண்டும் என்று ஊரார் கதையையெல்லாம் வாங்கிப் போட்ட நான், என் பிள்ளைக்கு நிம்மதி போதும் என்று முடிவு செய்தேன்.

"திருத்தம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை எண்ணெய் வைத்தேன், சீவினேன், பின்னினேன். கேட்கவில்லை. 'நான் வரல' என்று அவளே சொன்னபிறகு என்ன கேட்பது? கணவர் ஜாடையாகப் பார்த்தார், இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரம் கப்பல் வருவது நிச்சயம் என்று செய்தி வந்தது. அக்காவுக்குக் கருவாடும் சங்கும் கட்டினேன். அடுப்படியில் நின்று அழுததில் மீன்குழம்பு அடிப்பிடித்தது; கணவரும் அவளும் அதையே சாப்பிட்டார்கள்.

போர்ட் பிளேர் வரை லாஞ்சுப் படகு, அங்கிருந்து கப்பல். ரங்கத் ஜெட்டியில் மழை விட்டிருந்தது. கடைக்காரம்மா மூட்டைகளை எண்ணி எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மா கவலைப்படாதீங்க, எம் புள்ள மாதிரிப் பார்த்துக்குறேன் என்றார்கள். கணவர் அவர்களுக்கு உதவப் போனார். ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த மரங்களுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். சாப்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறாதே, பெரியம்மா சொன்னபடி கேள் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு நான் தூங்கல, இல்ல?"

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"முந்தானையப் புடிச்சுக்கிட்டேன். பெரியம்மாதான் வெரலப் பிரிச்சாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

பிறகு ஏன் வகுப்பில் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பெரியம்மா எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவங்க பாவம், நான் கேட்டுக்குவேன்." தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்க வீட்டாருதான. திருத்துவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

லாஞ்சு ஊதியது. கடைக்காரம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஆமா, நீ தூங்கல," என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அவள் தலையை ஆட்டினாள், பையை எடுத்துக்கொண்டாள், பலகையில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து ஏறினாள். லாஞ்சு நாலாவைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்புகிறவரை நின்றேன். கணவர் வா என்றதும் கூடப் போனேன்.

அதற்குப்பிறகு அவள் பலமுறை வந்தாள். எல்லாம் லீவுக்குத்தான்.